டெலஸ்கோப் கோளாறா, ஊர்க் கோளாறா? செட்டிநாட்டு மொட்டை மாடிக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

டெலஸ்கோப்போடு வரும் கையேடுகள் பெரும்பாலும் 40, 50 டிகிரி வடக்கில் இருக்கும் குளிர்நாட்டு ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. காரைக்குடி 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே வராத தொல்லை இங்கே வரும், அங்கே படுத்தும் தொல்லை இங்கே இருக்காது. அதனால் கையேட்டை அப்படியே பின்பற்றிவிட்டு, "வாங்கின சாமானே சரியில்லை" என்று திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்துவிடுகிறோம். நல்லபடியாக இருந்த டெலஸ்கோப் உண்மையிலேயே கெட்டுப்போவது அப்போதுதான்.

எந்தத் தொல்லையாக இருந்தாலும் திருகாணியைத் தொடும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். இருப்பதிலேயே பெரிய எண் போட்ட ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் துண்டை (20 அல்லது 25 மி.மீ.) மாட்டிப் பாருங்கள். வானத்தில் உயரமாக இருக்கும் வேறு ஒன்றுக்குத் திருப்புங்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் தொல்லை குறைந்தால் டெலஸ்கோப் பெரும்பாலும் நிரபராதி.

ஐபீஸில் ஒன்றுமே தெரியவில்லை, ஒரே இருட்டு

முதலில் மூடியைப் பாருங்கள். பெரிய மூடியின் நடுவே ஒரு சின்ன மூடி இருக்கும். அதை மட்டும் திறந்துவிட்டு நட்சத்திரம் தேடுகிறவர்கள் நிறையப் பேர். முழு மூடியையும் எடுக்க வேண்டும்.

மூடி திறந்திருந்தும் இருட்டு என்றால் ஃபைண்டரும் (குழாயின் மேல் இருக்கும் சின்னக் குறிபார்க்கும் கருவி) குழாயும் வெவ்வேறு இடத்தைப் பார்க்கின்றன. இதை ராத்திரியில் சரிசெய்யப் போனால் பொறுமை போய்விடும், பகலில் செய்வதுதான் சுலபம். குறைந்தது ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கோபுரக் கலசமோ செல்போன் டவரின் உச்சியோ போதும். குன்றக்குடி மலைக்கோவில் தெரிகிற பக்கம் வீடு இருந்தால் அதைவிட நல்ல குறி கிடையாது. 25 மி.மீ. ஐபீஸில் கலசத்தை நடுவில் கொண்டுவந்து, மவுண்டை (குழாயைத் தாங்கித் திருப்பும் பகுதி) இறுக்கிவிட்டு, ஃபைண்டரின் திருகாணிகளை மட்டும் திருப்பி அதே கலசத்தைச் சிலுவைக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் 10 மி.மீ. மாட்டி ஒருமுறை சரிபாருங்கள். சூரியன் இருக்கிற திசைப் பக்கமே குழாயைத் திருப்பக் கூடாது. மேற்கே இருக்கிற குறி என்றால் காலையிலும், கிழக்கே இருப்பது என்றால் மாலையிலும் செய்யுங்கள்.

ஃபைண்டரில் சிவப்புப் புள்ளியே வரவில்லை என்றால் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். போன தடவை அணைக்காமல் விட்டிருப்பார்கள்.

கோபுரம் தலைகீழாகத் தெரிகிறது

கோளாறு இல்லை. ஆடி வைத்த டெலஸ்கோப்பில் தலைகீழாகத்தான் தெரியும். லென்ஸ் டெலஸ்கோப்பில் வளைவுத் துண்டு (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் டயகனல்) மாட்டியிருந்தால் நேராக, ஆனால் இடவலம் மாறித் தெரியும். வானத்தில் மேல் கீழ் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள்.

பெட்டியில் 525 மடங்கு என்று போட்டிருக்கிறது, ஆனால் எல்லாம் மங்கல்

இந்த 525 எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சங்கதி புரிந்துவிடும். குழாயின் குவியதூரம் 700 மி.மீ., ஐபீஸ் 4 மி.மீ., வகுத்தால் 175. அதோடு 3 மடங்கு பார்லோ லென்ஸ் (ஐபீஸுக்கு முன்னால் செருகிப் பெருக்கத்தைக் கூட்டுவது), ஆக 525. கணக்கு சரி, படம்தான் வராது. வாய் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப் போல இரண்டு பங்கு வரைதான் பெரிதாக்கி லாபம் உண்டு. 76 மி.மீ. டெலஸ்கோப்புக்கு 150 மடங்கு, அதுவும் காற்று அசையாத ராத்திரியில். அதற்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும். அந்த 4 மி.மீ. ஐபீஸையும் பிளாஸ்டிக் பார்லோவையும் பெட்டியிலேயே வைத்துவிட்டு, 10 மி.மீ.யில் பிளாசல் என்ற வகையில் ஒரு நல்ல ஐபீஸ் வாங்குங்கள். 70 மடங்கில் சனியின் வளையமும் வியாழனின் இரண்டு பட்டைகளும் தெளிவாகத் தெரியும். டெலஸ்கோப்பையே மாற்ற வேண்டும் என்று நினைக்கிற பலருக்கு உண்மையில் தேவைப்படுவது அந்த ஒரு ஐபீஸ்தான்.

ஃபோகஸ் சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் கூர்மை வரவில்லை

ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை மெதுவாகத் திருப்புங்கள். வழியில் எங்காவது படம் சுருங்கி மறுபடி விரிந்தால் ஃபோகஸ் கிடைத்துவிட்டது, நீங்கள் வேகமாகக் கடந்திருக்கிறீர்கள். சுருங்கிக்கொண்டே போய் சக்கரம் முட்டி நின்றால் பாகங்களின் வரிசையில் தப்பு. லென்ஸ் டெலஸ்கோப்பில் வளைவுத் துண்டை மாட்டாமல் ஐபீஸை நேரே செருகினால் குழாய் வெளியே போதுமான நீளம் வராது. ஆடி டெலஸ்கோப்பில் கேமராவை நேரடியாக மாட்டினால் இதற்கு நேர்மாறு, உள்ளே போக இடம் பற்றாது. நடுவில் ஒரு பார்லோ செருகினால் அது பெரும்பாலும் சரியாகிவிடும்.

நிலா விளிம்பு கொதிக்கிறது, வியாழன் நீரில் கிடப்பது போல் அலைகிறது

நம் ஊரில் அதிகம் வரும் புகார் இதுதான். டெலஸ்கோப்பில் குற்றம் மிக அரிதாகவே இருக்கும். சூடு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை ஃபோகஸிலிருந்து கொஞ்சம் விலக்கி வட்டமாக்கிக்கொண்டு இரண்டு நிமிடம் உற்றுப் பாருங்கள்.

வட்டத்துக்குள் மெதுவாக, சோம்பலாகப் புகை எழுவது போல் ஏதோ நெளிந்தால் சூடு குழாய்க்குள்ளேயே இருக்கிறது. பகல் முழுக்க மூடிக் கிடந்த மாடி அறையிலிருந்து தூக்கி வந்திருப்பீர்கள், ஆடி இன்னும் ஆறவில்லை. சின்னக் குழாய்க்கு அரை மணி, 8 அங்குல டாப்ஸோனியனுக்கு (பெட்டி மேல் உட்காரும் பெரிய ஆடி டெலஸ்கோப்) ஒரு மணி நேரம் வெளியே விட வேண்டும். பழைய வீடு இருப்பவர்களுக்கு ஒரு வசதி: முற்றத்தைச் சுற்றின வளவுத் தாழ்வாரத்தில் வைத்திருந்தால் ஆடி எப்போதும் வெளிக்காற்றின் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும், காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறையும்.

வட்டத்தின் குறுக்கே ஒரே திசையில் வேகமாக ஏதோ ஓடினால் அது மேல் காற்று. செய்வதற்கு ஒன்றுமில்லை. அன்றைக்குக் கோள்களை விட்டுவிட்டுக் குறைந்த பெருக்கத்தில் நட்சத்திரக் கூட்டங்களைப் பாருங்கள்.

வட்டம் முழுவதும் திசையில்லாமல் துடித்தால் சூடு பக்கத்திலேயே இருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்த தட்டோட்டுத் தளமும் சிமெண்டு மாடியும் ராத்திரி பத்து மணிக்கும் வெறுங்காலில் சுடும். அந்தச் சூடு உங்கள் டெலஸ்கோப்பைத் தாண்டித்தான் மேலே போகிறது. மாலையிலேயே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வைத்தால் தளம் சீக்கிரம் ஆறும். அதைவிட நல்லது கொல்லையில் செம்மண் தரையில் இறங்கிவிடுவது, மண் சிமெண்டைவிட விரைவில் ஆறும். மாடியிலேயேதான் பார்க்க முடியும் என்றால் எதன் மேலாகப் பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரைக்கு மேலே, ஏசியின் வெளிப்பெட்டிக்கு மேலே இருக்கிற கோள் ஒரு மணி நேரம் கழித்து 15 டிகிரி நகர்ந்திருக்கும். அதுவரை காபி குடிக்கலாம். நள்ளிரவுக்குப் பிறகு பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பாதியாகக் குறைந்துவிடும்.

கையேடு சொல்லாத ஒரு நல்ல சேதியும் உண்டு. நம் ஊரில் கோள்கள் உச்சந்தலைக்குப் பக்கத்தில் வரும். வியாழன் மிதுனத்தில் இருக்கும்போது கிட்டத்தட்ட 78 டிகிரி உயரம் ஏறும். குறைந்த அளவு காற்றின் வழியே பார்க்கிறோம் என்பதால் கொதிப்பும் குறைவு. ஐரோப்பாக்காரர்களுக்கு இது எல்லா வருடமும் வாய்ப்பதில்லை. கோள் மேலே ஏறும் வரை பொறுக்காமல் அடிவானத்தில் பார்த்துக் குறை சொல்வதில் நியாயமில்லை.

நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் ஒரு பக்கம் வால் முளைத்துத் தெரிகிறது

உடனே ஆடியின் திருகாணிக்குப் போகாதீர்கள். நட்சத்திரத்தைப் பார்வையின் நடுவில் வைத்து, முதலில் உங்கள் தலையைச் சாயுங்கள். வாலும் கூடவே சாய்ந்தால் அது உங்கள் கண்ணின் சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்). மூக்குக் கண்ணாடியோடு பாருங்கள், அல்லது சின்ன எண் போட்ட ஐபீஸுக்கு மாறுங்கள். அடுத்து ஐபீஸை அதன் இடத்திலேயே சுழற்றுங்கள். வால் சுழன்றால் ஐபீஸ்தான் கோளாறு. இரண்டுக்கும் அசையாத வால் மட்டுமே ஆடி ஒழுங்கு கெட்டதால் வந்தது. நடுவில் சுத்தமாக இருந்து ஓரத்தில் மட்டும் வால் என்றால், எஃப்/5 (குவியதூரம் வாய் அகலத்தைப் போல ஐந்து பங்கு) போன்ற குட்டைக் குழாய்களின் பிறவிக்குணம் அது.

ஆடிதான் என்று உறுதியானால் இப்படிச் செய்யுங்கள். உயரமாக இருக்கும் ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து ஃபோகஸை லேசாகக் கலையுங்கள். உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு ஒரு வட்டம் தெரியும். ஓட்டை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருந்தால், குழாயின் அடியில் இருக்கும் மூன்று திருகாணிகளில் ஒன்றை அரைக்கால் சுற்று மட்டும் திருப்புங்கள். பூட்டுத் திருகாணி தனியாக இருந்தால் முதலில் அதைத் தளர்த்த வேண்டும். நட்சத்திரம் நகர்ந்துவிடும். மவுண்டைத் திருப்பி மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஓட்டையைப் பார்க்க வேண்டும், அதுவரை ஒன்றும் தீர்மானிக்க முடியாது. நடுவுக்கு நெருங்கியிருந்தால் அதே திசையில் இன்னும் கொஞ்சம், விலகியிருந்தால் எதிர்த்திசை. அதற்குச் சரிவரவில்லை என்றால் அடுத்த திருகாணி. கீழே ஒருவர் திருப்ப, மேலே ஒருவர் பார்த்துச் சொன்னால் பத்து நிமிட வேலை.

குழாய் அரை மீட்டர்கூட இல்லை, ஆனால் 114 மி.மீ. வாய், 1000 மி.மீ. குவியதூரம் என்று எழுதியிருந்தால் ஃபோகஸ் குழாய்க்குள் ஒரு லென்ஸ் ஒளிந்திருக்கிறது. அந்த வகையில் லேசர் வைத்துச் சரிசெய்தால் இருப்பதும் கெடும். மேலே சொன்ன நட்சத்திர வழி ஒன்றுதான். அந்த வகையை வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது, மெல்ல மெல்ல மங்கிவிட்டது

மார்கழி, தை என்றால் டார்ச்சை முன்பக்கமாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள். கண்ணாடியில் பனி பூத்திருக்கும். தண்ணீர் நிற்கிற கண்மாய்க் கரையில் இன்னும் சீக்கிரம். துணியால் துடைக்கவே கூடாது, தூசியையும் சேர்த்துத் தேய்த்துக் கீறிவிடுவீர்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் எட்டப் பிடித்தால் போதும். வராமல் தடுக்க, கறுப்பு சார்ட் அட்டையோ யோகா பாயோ வெட்டி, வாய் அகலத்தைப் போல ஒன்றரை அல்லது இரண்டு பங்கு நீளத்துக்கு முன்னால் சுற்றிக் கட்டுங்கள். ஐபீஸ்களைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். ஏசி அறையில் வைத்திருந்ததை நேரே வெளியே கொண்டுவந்தால் சித்திரையிலும் இதே கதிதான்.

முடித்துவிட்டு உள்ளே கொண்டுவந்ததும் மூடி போடாதீர்கள். ஈரம் முழுவதும் காய்ந்த பிறகு மூடுங்கள்.

ஈக்விடோரியல் மவுண்டில் எடைக்கம்பி டிரைபாட் காலில் இடிக்கிறது

கையேட்டில் இதற்கு வழி தேடிப் பிரயோசனமில்லை. இந்த வகை மவுண்டின் ஓர் அச்சு வானத்தின் துருவத்தைப் பார்க்க வேண்டும், 50 டிகிரியில் அந்தத் துருவ அச்சு நிமிர்ந்து நிற்கும். நமக்கு 10 டிகிரிதான், ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. அதனால் எடைக்கம்பி கிட்டத்தட்ட நேர் கீழே தொங்கி, வடக்குப் பார்த்த காலில் மோதும். வடக்கே ஒரு கால் வராமல், இரண்டு கால்களின் நடு இடைவெளி வரும்படி டிரைபாட்டைத் திருப்பி வையுங்கள். பல டிரைபாட்களில் மவுண்டைத் திசை திருப்ப ஒரு சின்ன முளை ஒரு காலுக்கு நேர் மேலே இருக்கும். அதைக் கழற்றி இரண்டு கால்களுக்கு நடுவே மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

அளவுகோலே 15 டிகிரிக்குக் கீழே இறங்க மறுத்தால் தெற்குக் காலுக்கு அடியில் ஒரு செங்கல்லைப் படுக்கையாக வையுங்கள். தெற்குக் காலுக்கும் வடக்குப் பக்கத்து இரண்டு கால்களுக்கும் இடையே சுமார் 85 செ.மீ. இருந்தால், ஏழரை செ.மீ. கனமான செங்கல் அச்சை 5 டிகிரி வடக்கே சாய்த்துவிடும். டிரைபாட் மட்டமாக இல்லையே என்று கவலை வேண்டாம். அச்சு துருவத்தைப் பார்த்தால் சரி, மட்டம் அவசியமில்லை. கல் ஆடாமல் இருக்கிறதா, எல்லாம் சேர்ந்து வடக்கே கவிழாதா என்று மட்டும் கையால் அசைத்துப் பாருங்கள்.

துருவ நட்சத்திரத்தையே காணோம்

அது 10 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி மூடிய முஷ்டியை அடிவானத்தில் வைத்தால் அதன் மேல்விளிம்பு. ஒரு வேப்பமரம், எதிர்வீட்டு மதில் போதும் மறைக்க. மறையாத இடத்திலும் அடிவானப் புழுதியில் மங்கித்தான் தெரியும். சித்திரை மாத முன்னிரவில் சப்தரிஷி மண்டலம் வடக்கே ஏறி நிற்கும்போது அதன் கிண்ணத்து வெளிவிளிம்பில் இருக்கிற வழிகாட்டி நட்சத்திரங்கள் இரண்டையும் கோடிட்டுக் கீழே இறங்கி வாருங்கள். மார்கழி முன்னிரவில் சப்தரிஷி இருக்காது.

படம் எடுக்காமல் ஐபீஸில் கண் வைத்துப் பார்க்கிற வேலைக்குத் துருவம் தெரியவே வேண்டாம். திசைகாட்டியை இரும்பிலிருந்து தள்ளி வைத்து வடக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் மிகச் சொற்பம். அச்சை 10 டிகிரியில் வைத்தால் கோள் பல நிமிடம் பார்வைக்குள்ளேயே நிற்கும்.

தொட்டால் ஆடுகிறது, தொடாவிட்டாலும் ஆடுகிறது

குழாயை விரலால் ஒரு தட்டு தட்டி எண்ணுங்கள். இரண்டு மூன்று நொடியில் அடங்கினால் போதும். அடங்காவிட்டால் டிரைபாட் கால்களை முழுக்க நீட்டாமல் வைத்து, நீங்கள் உட்கார்ந்து பாருங்கள், நட்டுகளை இறுக்குங்கள், நடுத்தட்டில் மணல் பை கட்டித் தொங்கவிடுங்கள். தேக்கு உத்திரம் போட்ட பழைய மாடி என்றால் யாராவது நடந்தாலே படம் குலுங்கும். பழைய ரப்பர் செருப்பை வெட்டிக் கால்களுக்கு அடியில் வைத்தால் கொஞ்சம் தணியும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள், டிரைபாட் எம்மாத்திரம். அந்த மாதம் முற்றத்துக்குள் இறங்கிவிடுங்கள், தெரிகிற வானம் சின்னதானாலும் காற்று அடிக்காது.

படத்தில் பார்த்த மாதிரி இல்லை

கேலக்ஸியும் நெபுலாவும் கண்ணுக்குச் சாம்பல் நிறம்தான். வண்ணம் கேமராவின் நீண்ட எக்ஸ்போஷரில் வருவது. ஓரியன் நெபுலாகூட மங்கலாகத் தெரிந்தால் காலண்டரைக் கிழித்துப் பாருங்கள்: அமாவாசைக்கு எத்தனை நாள்? பௌர்ணமியை ஒட்டி எந்த டெலஸ்கோப்பும் உதவாது. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். நடுவில் ஒருமுறை போனைப் பார்த்தால் முதலிலிருந்து ஆரம்பம். நேராகப் பார்க்காமல் கடைக்கண்ணால் பார்த்தால் மங்கலானவை கூடுதலாகத் தெரியும்.

ஊர் வெளிச்சத்தின் திசையையும் கணக்கில் எடுங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்குக் காரைக்குடி வெளிச்சம் தெற்கே விழும். நம் அட்சரேகையின் சொத்தே தெற்கு வானம்தான். அகத்திய நட்சத்திரம் 27 டிகிரி, ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து 32 டிகிரி உயரம் ஏறும். சித்திரை, வைகாசியில் ஒமேகா சென்டாரி பார்க்க வேண்டுமென்றால் காரைக்குடி உங்களுக்கு வடக்கே இருக்கும்படி ஓர் இருட்டான பொட்டலுக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம், கண்மாய்க் கரையில் பாம்பு உண்டு.

சனியின் வளையம் வெறும் கோடாகத் தெரிந்தால் பழி டெலஸ்கோப்பின் மேல் இல்லை. 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டியது. அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து 2032 வாக்கில் முழுசாக விரியும். வியாழனின் சிவப்புப் பொட்டு தெரியவில்லை என்றால் அது மறுபக்கம் இருக்கலாம். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும், பொறுத்துப் பாருங்கள். செவ்வாய் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் கிட்டே வரும். அடுத்தது 2027 பிப்ரவரி. மற்ற நேரங்களில் அது ஒரு சிவந்த புள்ளி, அவ்வளவுதான்.

கோடூ மவுண்ட் (கேட்ட நட்சத்திரத்துக்குத் தானே திரும்புவது) தப்பான இடத்தைக் காட்டுகிறது

காட்டச் சொன்ன நட்சத்திரம் அடிவானத்துக்குக் கீழே என்கிறதா? கிழக்கு என்பதற்குப் பதில் மேற்கு தீர்க்கரேகை போட்டிருப்பீர்கள். காரைக்குடிக்கு 10 டிகிரி 4 நிமிடம் வடக்கு, 78 டிகிரி 47 நிமிடம் கிழக்கு. எல்லாம் ஒரே அளவில் தள்ளிப் போனால் நேரத்தைப் பாருங்கள்: நேர மண்டலம் கூட்டல் 5.30, கோடைகால நேரம் கிடையாது. பல கைக்கருவிகள் தேதியில் மாதத்தை முதலில் கேட்கும், மே 4 ஏப்ரல் 5 ஆகிவிடும். முதலில் சரியாக இருந்து நடுவில் பிசகினால் பேட்டரி இறங்கிவிட்டது.

சூரிய ஃபில்டரில் பொட்டு வெளிச்சம் தெரிகிறது

தூக்கிப் போடுங்கள். ஒட்டிச் சரிசெய்யும் விஷயமில்லை. குழாயின் முன்வாயை முழுக்க மூடும் ஃபில்டர் மட்டும்தான் பாதுகாப்பு. ஐபீஸில் திருகும் சின்னக் கறுப்புக் கண்ணாடி சூட்டில் வெடிக்கும், வெடித்தால் கண் போய்விடும். 2031 மே 21 அன்று கங்கண சூரிய கிரகணம் மதுரை, காரைக்குடி வழியாகவே போகிறது. நல்ல ஃபில்டர் அதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியில் புள்ளி, வலை மாதிரி படர்ந்திருக்கிறது

வெறும் தூசி என்றால் விடுங்கள், படத்தைக் கெடுக்காது. டார்ச் அடித்துப் பார்த்தால் எந்த ஆடியும் அசிங்கமாகத்தான் தெரியும். வேர் விட்ட மாதிரி படர்ந்திருந்தால் பூஞ்சை. ஆடி என்றால் கழற்றித் தண்ணீரில் நனைத்து, சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, தேய்க்காமல் அலசி, கடைசியில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை கழுவிச் சாய்த்து வையுங்கள். லென்ஸ் என்றால் உள்ளே பிரிக்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஐபீஸ்களைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். ஐபீஸ் செருகும் துளையைத் திறந்து விடாதீர்கள். குளவி ஒரே வாரத்தில் மண்கூடு கட்டிவிடும்.